மலிவு விலையில் ஒரு பழைய டீசல் பிக்கப்: தேர்வும் அதன்பின் செய்த வேலைகளும்

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு டன்னுக்குள் சுமை ஏற்ற வேண்டும். மரச்சட்டம், டைல்ஸ் பெட்டி, வெல்டிங் மெஷின், சில சமயம் பின்னால் ஒரு சிறு டிரெய்லர். வண்டி அன்றாடம் ஓடாது. ஓடும் நாளில் முழுச் சுமையோடு வெகுதூரம் ஓடும். இந்தக் கடைசி வரிக்காகத்தான் டீசல். பக்கத்துத் தெருவுக்கும் கடைக்கும் போய்வர யாராவது பழைய டீசல் பிக்கப் தேடினால், பெட்ரோல் வண்டியைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். சரியாகச் சூடேறும் முன்பே தினமும் அணைக்கப்படும் டீசல் இன்ஜின், ஓடித் தேய்வதைவிடக் கரி பிடித்தே சீக்கிரம் கெடும்.

கையிலிருந்த பணத்தை முதலிலேயே நான்காகப் பிரித்துக்கொண்டேன். மூன்று பங்கு வண்டிக்கு. ஒரு பங்கு, வண்டி வந்தபின் செய்யும் வேலைக்கு. நான்காவது பங்கைத் தொடும்படி விலை போனால் எழுந்து வந்துவிடுவது என்று தீர்மானம். பழைய டீசல் பிக்கப் ஒன்று மலிவாக வருகிறது என்றால், பெரும்பாலும் பெரிய செலவு ஒன்றை அது கூடவே அழைத்துக்கொண்டு வருகிறது. இன்ஜெக்டர்கள் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுபவை), ஹை பிரஷர் பம்ப், டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவது), கிளட்ச்சோடு சேர்ந்த ஃபிளைவீல், டைமிங் செட் (வால்வுகளை பிஸ்டன்களோடு ஒரே தாளத்தில் இயங்க வைப்பது) ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து வந்தாலே வாங்கிய விலையில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே ஒவ்வொரு வண்டியின் முன்னும் நின்று நான் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இதில் அடுத்து வரப்போகும் பெரிய பில் எது, அதை என்னால் கட்ட முடியுமா?

எந்தக் காலத்து இன்ஜின்

டீசல் பிக்கப்புகளை மூன்று காலமாகப் பிரித்துப் பார்த்தேன்.

முதலாவது, மெக்கானிக்கல் பம்ப் காலம். 1989 மாடல் ஆண்டிலிருந்து 1998 வரை டாட்ஜ் ராமில் வந்த 5.9 லிட்டர் 12 வால்வ் கம்மின்ஸ், டொயோட்டா ஹைலக்ஸில் வந்த 2.4 லிட்டர் 2எல், 2.8 லிட்டர் 3எல் எல்லாம் இந்த வகை. டீசலை எப்போது, எவ்வளவு அடிப்பது என்பதைப் பம்ப்பே தீர்மானிக்கிறது. டீசலின் அழுத்தம் நூறிலிருந்து இருநூற்றைம்பது பார் வரையான (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அளவை எட்டியதும் இன்ஜெக்டர் தானாகத் திறந்துகொள்கிறது. கம்ப்யூட்டர் கிடையாது. பேட்டரி, ஸ்டார்ட்டர், பம்ப்பை நிறுத்தும் சோலனாய்டு ஆகியவை இருந்தால் வண்டி ஓடும். பழுதுபார்க்கவும் எளிது. ஆனால் இந்த வண்டிகளுக்கு இன்று வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. இன்ஜின் நன்றாக இருந்தாலும் அதைத் தாங்கும் இரும்பு நன்றாக இருப்பதில்லை. நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால், அதன் அருமை தெரிந்தவர்தான் விற்பார். விலையையும் அப்படித்தான் சொல்வார்.

இரண்டாவது, காமன் ரெயில் வந்த புதிது. பம்ப் ஒரு பொதுக் குழாயில் டீசலை மிக அதிக அழுத்தத்தில் தேக்கி வைக்கிறது. கம்ப்யூட்டர் சொல்லும் நொடியில் இன்ஜெக்டர் திறக்கிறது. பயணிகள் கார்களில் இது 1997இல் விற்பனைக்கு வந்தது. அப்போது உச்ச அழுத்தம் சுமார் 1,350 பார். பிறகு 1,600, 1,800, இன்று 2,000க்கும் மேல். சத்தம் குறைந்தது, புகை குறைந்தது, இழுவை கூடியது. கூடவே, டீசலில் தண்ணீரோ தூசியோ இருந்தால் மன்னிக்கும் குணமும் போய்விட்டது.

மூன்றாவது, புகைப்போக்கியில் டீபிஎஃப் வடிகட்டி வந்த காலம். கரியைப் பிடித்து வைத்து, சுமார் 600 டிகிரி வெப்பத்தில் எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் அமைப்பு. நெடுஞ்சாலையில் தினமும் ஓடும் வண்டிக்கு இது தொல்லை தராது. நாள்கணக்கில் நின்று, பிறகு குறைந்த தூரம் ஓடி மீண்டும் நிற்கும் வண்டிக்கு இதுதான் பெரிய தலைவலி. சுத்தம் செய்யும் வேலை பாதியில் நிற்கும்போதெல்லாம் அதற்காகக் கூடுதலாக அடித்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது, அது சேர்ந்துகொண்டேதான் போகும்.

நான் இரண்டாவது காலத்தைத் தேர்ந்தெடுத்தேன். உதிரிபாகம் தாராளம், ஸ்கேனரைச் செருகினால் உள்ளே நடப்பது ஓரளவு தெரியும், டீபிஎஃப் தொல்லை இல்லை. நான்கு சிலிண்டர், இரண்டரை லிட்டர் அளவு, இரண்டு சக்கர இழுவை, ஒற்றை கேபின். நான்கு சக்கர இழுவையை வேண்டுமென்றே தவிர்த்தேன். அது தேவைப்படும் சேற்றுப் பாதை எனக்கு இல்லை. தேவையில்லாத டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் முன்பக்க டிஃபரன்ஷியலுக்கும் ஆயில் மாற்றிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையும் இல்லை.

பார்க்கப் போகும் முன் ஒவ்வொரு மாடலிலும் டைமிங் எதில் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டேன். அந்த 5.9 கம்மின்ஸில் கியர். பெல்ட் மாற்றும் கவலை இல்லை என்றாலும், டைமிங் கியர் பெட்டியின் உள்ளே இருக்கும் ஒரு சிறு டவல் பின் (பெட்டியைச் சரியான இடத்தில் நிறுத்தும் உருளை முளை) கழன்று கியருக்குள் விழக்கூடும் என்பது அதை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. மிட்சுபிஷியின் 4டி56இல் இரண்டு பெல்ட்: ஒன்று டைமிங்குக்கு, இன்னொன்று அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்கு. சின்னது அறுந்து பெரியதில் சிக்கினால் வால்வு பிஸ்டனில் மோதும். ஆகவே இரண்டையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். டொயோட்டாவின் கேடி வரிசையில் பெல்ட், பின்னர் வந்த ஜிடி வரிசையில் சங்கிலி. சங்கிலி என்றாலே ஆயுள் முழுக்க என்று பலர் நினைக்கிறார்கள். ஆயிலை நேரத்துக்கு மாற்றாத வண்டியில் சங்கிலியும் தேய்ந்து நீளும். பெல்ட்டாவது எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

வேண்டாம் என்று விட்டவை

பளபளவென்று மெழுகு பூசிய ஒரு வெள்ளை டபுள் கேபின். போனதும் பானட்டின் மேல் கை வைத்தேன்; சுட்டது. “நீங்கள் வருகிறீர்கள் என்று வண்டியைக் கொஞ்சம் ஓட்டித் தயாராக வைத்தேன்” என்றார் விற்பவர். நல்ல மனதோடுதான் செய்திருக்கலாம். ஆனால் டீசல் இன்ஜினின் குறைகள் பெரும்பாலும் ஆறியிருக்கும்போதுதான் வெளியே வரும். அதில் ஸ்பார்க் பிளக் இல்லை. அழுத்தப்பட்ட காற்று 500 டிகிரிக்கும் மேல் சூடாகி, அதன்மேல் அடிக்கப்படும் டீசல் தானாகப் பற்றிக்கொள்ள வேண்டும். ரிங் தேய்ந்து காற்று கசிந்தாலும், வால்வு சரியாக அமராவிட்டாலும், ஆறிய சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் செத்திருந்தாலும், இன்ஜெக்டர் ஒழுகினாலும் சில்லென்றிருக்கும் இன்ஜின் காட்டிக்கொடுத்துவிடும். சூடான இன்ஜின் இவை அத்தனையையும் மறைக்கும். மறுநாள் காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருங்கள் என்றேன். அதற்குள் வேறு ஆள் வாங்கிவிடுவார் என்றார். வாங்கட்டும் என்று வந்துவிட்டேன்.

இன்னொரு வண்டியில் கிலோமீட்டர் மிகக் குறைவு. கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பர் புத்தம் புதிது. ஸ்டீயரிங்கின் தோல் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அதை விடுங்கள், மீட்டரை யாரும் நம்பத் தேவையில்லை. கீழே படுத்துப் பார்த்தபோதுதான் உண்மையான சேதி கிடைத்தது. பின் அச்சுக்கு மேலே சேஸிஸ் வளைந்து ஏறும் இடத்தில் கெட்டியாகக் கறுப்புத் தார் பெயிண்ட். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அங்கே மட்டும் ‘தொப்’ என்றது. விற்பவரிடம் கேட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், உள்ளே இறங்கியது. ஏணிச் சட்டத்தின் பெட்டி வடிவப் பகுதிகளில் சேறு உள்ளே புகுந்து ஈரத்தோடு தங்கிவிடும். துரு உள்ளிருந்து வெளியே வருவதால், கண்ணுக்குத் தெரியும்போது தகடு பாதி போயிருக்கும். பின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் கொக்கிக்குப் பக்கத்தில் இப்படி என்றால், இன்ஜினைக் கேட்டுப் பார்க்கவே வேண்டியதில்லை. இன்ஜினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். சேஸிஸை மாற்றுவது என்றால் வண்டியையே மாற்றுவதுதான்.

மூன்றாவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாவியைத் திருப்பியதும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். இதில் இன்ஜின் விளக்கு எரியவே இல்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நின்றது, மோந்தால் டீசல் வாடை. டீபிஎஃப்பின் உள்ளடக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு வெறும் கூட்டை வைத்திருந்தார்கள். பல நாடுகளில் இது சட்டப்படி குற்றம். புகைச் சோதனையில் தோற்றால் சுமப்பது வாங்கியவர்தான்.

வாங்கிய வண்டி

கடைசியில் வாங்கியது, மேலே சொன்னவற்றில் எதையும்விட அசிங்கமானது. பெயிண்ட் வெளுத்து, பின்கதவு நசுங்கி, மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய ஒற்றை கேபின். நாற்றுப்பண்ணை நடத்தும் ஒரு பெரியவர் புதிதாக வாங்கி அதுவரை வைத்திருந்தது. பில்களை ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். “காலையில் நீங்கள் வரும்வரை சாவியைத் தொட மாட்டேன் தம்பி” என்றார். பாதி நம்பிக்கை அப்போதே வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு டார்ச், மல்டிமீட்டர், ஸ்கேனர், சுத்தியல், சில கண்ணாடி நிற டியூப்கள், நான்கு சிறு பாட்டில்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போனேன்.

பானட் சில்லென்றிருந்தது. பேட்டரியில் 12.5 வோல்ட். ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருந்து சாவியைத் திருப்பினேன்; ஸ்டார்ட்டர் சுழலும்போது மின்னழுத்தம் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. இன்ஜின் பிடித்தது. ஆனால் சில நொடிகள் ஒரு கால் நொண்டியது, சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை ஒரு கொத்து வந்தது, பிறகு சீரானது. புகையின் நிறத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சூடேறியதும் மறைந்துவிடும் வெள்ளை, எரியாத டீசல். சூடான பின்னும் நிற்காத வெள்ளை, இனிப்பு வாடையோடு வந்தால், கூலன்ட் உள்ளே போகிறது. நீலம், ஆயில். கறுப்பு, டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. இங்கே வந்தது முதல் வகை. ஏதோ ஒரு சிலிண்டரின் ஹீட்டர் பிளக் போயிருக்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்தது பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் காற்று. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, அதைத் திருகாமல் துளையின் மேல் சும்மா வைத்தேன். சற்றே ஆடியது, தூக்கி எறியப்படவில்லை. மெல்லிய ஆவி வந்தது. ரயில் இன்ஜின் போல் ‘புசு புசு’ என்று அடித்திருந்தால் ரிங்கும் லைனரும் முடிந்தன என்று பொருள். இன்ஜினையே பிரிக்க வேண்டியிருக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருப்பதைக் காட்டிச் சிலர் பேரம் பேசுகிறார்கள். டீசல் இன்ஜினில் ஆயில் மாற்றிய அன்றே கறுத்துவிடும். அதில் ஒரு சேதியும் இல்லை. பிசுபிசுப்பாகக் கட்டி கட்டியாக இருக்கிறதா, அளவு கூடியிருக்கிறதா, காபி நிறத்தில் நுரைத்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறியிருக்கும்போதே திறந்து பார்த்துவிட்டேன். எண்ணெய்ப் படலம் இல்லை. இன்ஜின் ஓடத் தொடங்கியபின் குமிழியும் வரவில்லை. சிலிண்டரில் எரிந்த புகை கலந்தால் நிறம் மாறும் நீலத் திரவத்தாலும் சோதித்தேன்; நீலமாகவே இருந்தது. சிலிண்டர்களின் மேல்மூடியை அடைக்கும் ஹெட் காஸ்கெட்டும், புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் அமைப்பின் கூலரும் ஒன்றாகத் தேறின. இன்ஜினை அணைத்துவிட்டு டர்போவுக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றி, உள்ளே இருக்கும் சக்கரத்தின் தண்டை விரலால் ஆட்டினேன். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம், அது ஆயில் படலத்துக்கான இடைவெளி. முன்னும் பின்னும் ஆட்டம் இருக்கக் கூடாது, இதில் இல்லை. இன்டர்கூலர் குழாயில் எண்ணெய் ஈரம் இருந்தது. அது இயல்பு, தேங்கி நின்றால்தான் கவலை.

இனிதான் பணம் இருக்கும் இடம். காமன் ரெயில் இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் அடித்தது போக ஒரு சிறு அளவு டீசலைத் திருப்பி அனுப்பும். தேயத் தேய இந்தத் திரும்பும் அளவு கூடும். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் முனைகளிலும் டியூப்களைச் செருகி நான்கு பாட்டில்களில் விட்டு, பழைய ரிட்டர்ன் குழாயின் வாயை அடைத்துவிட்டு, ஐடிலில், அதாவது மிதியைத் தொடாமல், ஓடவிட்டுப் பார்த்தேன். மூன்று பாட்டில்களில் ஏறக்குறைய ஒரே அளவு. மூன்றாவது சிலிண்டருடையதில் மட்டும் மற்றவற்றைப் போல் ஒன்றரை மடங்கு. இரண்டு மடங்கைத் தாண்டினால் அதை உடனே கழற்ற வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட கணக்கு. ஸ்கேனரிலும் அதே கதைதான்: ரெயில் அழுத்தம் ஐடிலில் கேட்டது, வந்தது இரண்டும் 300 பார் அருகே ஒட்டி நின்றன, சிலிண்டர் வாரியான திருத்த அளவில் மூன்றாவது மட்டும் சற்று விலகியிருந்தது. கம்ப்யூட்டரில் பதிவான பிழைக்குறி ஒன்றே ஒன்று, ஹீட்டர் பிளக் சுற்று பற்றியது. யாராவது பார்க்கும் முன் பிழைகளை அழித்திருந்தால் அதுகூட இருந்திருக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க, ஓடும்போதே இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்திப் பார்ப்பார்கள். காமன் ரெயிலில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி முனையளவு காயம்தான் தெரியும், உள்ளே விரலையே இழக்க நேரிடும். நான் தொட்டது அழுத்தம் குறைந்த ரிட்டர்ன் பக்கம் மட்டும். அதையும் இன்ஜின் நின்றிருக்கும்போதுதான் பொருத்தினேன்.

ஓட்டிப் பார்க்கும்போது காலி வண்டியை ஓட்டுவதில் பயனில்லை. பெரியவரிடம் கேட்டு, அவருடைய மண் மூட்டைகளையே அரை டன் அளவுக்கு ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் ஏறினேன். மூன்றாவது கியரில் 1,500 சுற்றிலிருந்து முழுதாக மிதித்தேன். சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது; வழுக்கவில்லை. மிதித்ததும் சற்றுக் கறுப்புப் புகை, டர்போ பிடித்ததும் தெளிந்தது. வெப்பமானி நடுக்கோட்டைத் தாண்டவில்லை. மிதியை விட்டுப் பிடிக்கும்போது அடியிலிருந்து ‘டக்’ என்று ஓர் ஓசை; பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டான யூ ஜாயிண்ட். சுமையோடு பிரேக் பிடித்தபோது மூக்கு மட்டும் அதிகமாகக் குத்தியது, பின் சக்கரங்கள் உதவிக்கு வரவில்லை.

சேஸிஸைத் தலையிலிருந்து வால்வரை தட்டிப் பார்த்தேன். மேல்துரு இருந்தது, செதில் இல்லை. கேபினுக்கும் சுமைப்பெட்டிக்கும் இடையிலான இடைவெளி இருபுறமும், மேலும் கீழும் ஒரே அளவாக இருந்தது. அந்த இடைவெளி மேலே ஓர் அளவும் கீழே ஓர் அளவுமாக இருந்தால் அதிகச் சுமையில் சட்டம் வளைந்திருக்கிறது.

விலை பேசும்போது சண்டை எதுவும் இல்லை. கண்டதை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உதிரிபாக விலையைப் பக்கத்தில் போட்டுக் காட்டினேன். டைமிங் பெல்ட் கடைசியாக மாற்றிய பில் கோப்பில் இருந்தது. அடுத்த மாற்றம் நெருங்கிவிட்டது என்பதும் அதிலேயே தெரிந்தது. பெரியவர் தாளைப் படித்துவிட்டு ஹீட்டர் பிளக்கை மட்டும் அடித்தார். “அது என் காலத்திலேயே போனதுதான், ஆனால் ஒரு பிளக்குக்கு நான்கு பிளக் விலையா?” என்றார். நியாயம்தான். மற்றவற்றைக் கழித்துக்கொண்டார்.

வந்தபின் செய்த வேலைகள்

முதலில் ஆயில். சூடாக இருக்கும்போது வடித்து, பழைய ஃபில்டரை வெட்டி உள்ளே மடிப்புகளை விரித்துப் பார்த்தேன். மினுங்கும் உலோகத் துகள் இல்லை. பிறகு டீசல் ஃபில்டர். அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்ததும் டீசலுக்கு முன்னால் தண்ணீர் வந்தது, கொஞ்சம் பழுப்பாக. நின்றே இருந்த வண்டியில் இதை எதிர்பார்த்தேன். டாங்கின் காலியிடத்தில் காற்றின் ஈரம் படிந்து தண்ணீராகித் தங்கும். தண்ணீரும் டீசலும் சேரும் எல்லையில் நுண்ணுயிர் வளர்ந்து சளிபோல் படியும். டாங்கைக் கழற்றிக் கழுவி, உள்ளே இருந்த வலையைச் சுத்தம் செய்தேன். இப்போது வண்டியை நிறுத்தும்போது டாங்கை நிரப்பித்தான் நிறுத்துகிறேன்.

டைமிங் வேலையைப் பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் என்று முழு செட்டாகவே செய்தேன். பம்ப் இன்னும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது பிறகு ஒழுகினால் இதே வேலையை மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அடையாளங்களை ஒட்டவைத்துப் பெல்ட்டைப் போட்டபின், கிராங்க்கைக் கையாலேயே முழு இரண்டு சுற்று சுற்றி, அடையாளங்கள் மீண்டும் சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எங்காவது இரும்பு தடுத்தால் அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். ஸ்டார்ட்டருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அதிகம் பயந்தது ஹீட்டர் பிளக்குக்குத்தான். மின்பட்டையைக் கழற்றி ஒவ்வொரு பிளக்கிலும் மின்தடையை அளந்தேன். மூன்று பிளக்குகளில் அது ஒரு ஓமுக்கும் குறைவு. இரண்டாவது சிலிண்டரில் சுற்றே இல்லை. நான்கையும் மாற்றுவது என்று முடிவு. வருடக்கணக்கில் கரியோடு இறுகிய பிளக் பாதியில் முறிந்தால் ஹெட்டையே இறக்க வேண்டிவரும். துரு நீக்கும் எண்ணெயை முந்தின நாளே விட்டு, இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, சிறிய ஸ்பானரால் கால் சுற்று திருப்பி, திரும்பவும் இறுக்கி, மீண்டும் தளர்த்தி, இப்படியே நகர்த்தினேன். மூன்று இணக்கமாக வந்தன. செத்த பிளக் மட்டும் கீச்சிட்டுக்கொண்டே வந்தது. ஒவ்வொரு கீச்சுக்கும் நான் கையை எடுத்து மேலும் எண்ணெய் விட்டேன். புதியவற்றின் மரையில் மட்டும் லேசாக வெப்பம் தாங்கும் கிரீஸ்.

இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றியபோது உள்ளே காற்றுக்கு இருந்த வழி பாதியாகக் குறைந்திருந்தது. ஈஜிஆர் வழியாக வரும் கரியும், கிராங்க் கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் கலந்து இறுகியது அது. சுரண்டி, ஊறவைத்து, மீண்டும் சுரண்டினேன். ஈஜிஆர் வால்வு ஒட்டிக்கொண்டு பாதி திறந்த நிலையில் இருந்தது. கழுவியபின் முழுதாக மூடியது. மிதித்ததும் வந்த கறுப்புப் புகை இதற்குப் பிறகு ஏறக்குறைய நின்றுவிட்டது. ஈஜிஆரைத் தகடு வைத்து அடைத்துவிடுங்கள் என்று ஆலோசனை சொல்ல ஆள் குறைவில்லை. நைட்ரஜன் ஆக்ஸைடுகளைக் குறைக்க வைத்த அமைப்பு அது. அதை அடைத்துவிட்டுப் புகைச் சோதனைக்குப் போகும் தைரியம் எனக்கில்லை. சுத்தம் செய்வது கை அழுக்காகும் வேலை, அவ்வளவுதான்.

இன்ஜெக்டர்களைக் கழற்றும்போது எது எந்தச் சிலிண்டரோ அதே வரிசையில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் உரிய திருத்தக் குறியீடு கம்ப்யூட்டரில் எழுதப்பட்டிருக்கும். இடம் மாறினால் அளவு மாறும். அடியிலிருக்கும் சிறு செம்பு வாஷர்கள் நான்கையும் மாற்றினேன். மலிவான பொருள். ஆனால் அது கசிந்தால் சிலிண்டரில் எரிந்த புகை மேலேறி இன்ஜெக்டரைச் சுற்றிக் கரி தாராக இறுகும். சில இன்ஜின்களில் அந்தக் கரி ஆயிலில் கலந்து ஆயில் உறிஞ்சும் வலையையே அடைத்து, பேரிங்குகளைப் பட்டினி போட்டுவிடும்.

பிரேக் குறை எதிர்பார்த்த இடத்தில் இல்லை. பின்பக்க ஷூக்கள் நன்றாகவே இருந்தன. பிக்கப்புகளில் பின் அச்சிலிருந்து ஒரு கம்பி சேஸிஸில் உள்ள வால்வுக்குப் போகும். சுமையில் வண்டி தாழத் தாழ, அந்த வால்வு பின் சக்கரங்களுக்கு அதிக அழுத்தத்தை அனுப்பும். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. அந்தக் கம்பியின் மூட்டு துருப்பிடித்து, ‘காலி’ என்ற நிலையிலேயே உறைந்திருந்தது. அரை டன் ஏற்றினாலும் வால்வு வண்டி காலி என்றே நினைத்துக்கொண்டிருந்தது. மூட்டை விடுவித்து, வால்வை மாற்றி, கம்பியின் நீளத்தைக் கையேட்டில் உள்ள அளவுக்கு வைத்தேன். பழைய பிக்கப் வாங்குபவர்கள் அதிகம் கவனிக்காத இடம் இதுதான். ஷூவை மாற்றிவிட்டுத் திரும்பவும் பிரேக் பிடிக்கவில்லை என்று புலம்புவார்கள்.

யூ ஜாயிண்ட் ஒரு மதிய வேலை. ஸ்பிரிங் பட்டைகளின் புஷ்களை மாற்றும்போது யூ போல்ட்களையும் புதிதாகப் போட்டேன். ஒருமுறை இறுக்கி இழுபட்ட போல்ட்டை மறுபடி நம்பக் கூடாது. சுமையோடு ஒருமுறை ஓட்டியபின் அவற்றைத் திரும்ப இறுக்கினேன்; ஒவ்வொன்றும் சற்று இறங்கத்தான் செய்தது. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயில்கள், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றினேன். டிஃபரன்ஷியலின் காந்த மூடியில் மைபோன்ற பொடி மட்டுமே இருந்தது, துண்டு இல்லை. அவ்வளவு கிலோமீட்டருக்கு அது நல்ல கணக்கு.

நான்காவது பங்குப் பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை மூன்றாவது சிலிண்டர் இன்ஜெக்டருக்காக ஒதுக்கியிருக்கிறேன். வாஷர் மாற்றியபின் மீண்டும் பாட்டில் சோதனை செய்தபோதும் அதே ஒன்றரை மடங்குதான். காலையில் இப்போது நொண்டாமல் பிடிக்கிறது, வெள்ளைப் புகையும் இல்லை. அடுத்த ஆயில் மாற்றத்தின்போது அதே டியூப்களையும் பாட்டில்களையும் மாட்டிப் பார்ப்பேன். இரண்டு மடங்கை நெருங்கினால் நான்கையும் கழற்றிச் சோதனை மேசைக்கு அனுப்பிவிடுவேன். அதுவரை மண் மூட்டைகளை இறக்க இன்னும் இரண்டு நடை பாக்கி இருக்கிறது. பெரியவரின் புது வண்டி இன்னும் வரவில்லையாம்.